குதிரையின் காலடியில் பாருங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். வகுப்பில் பின்பெஞ்சில் தூங்கியவர்கள் இதையாவது முழுக்கப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி அடிக்கடி சுற்றி வருகிறது. சிலையில் குதிரை முன்னங்கால் இரண்டையும் தூக்கியிருந்தால் அதன் மேல் இருப்பவர் போர்க்களத்தில் இறந்தவர். ஒரு காலை மட்டும் தூக்கியிருந்தால் போரில் காயம்பட்டுப் பிறகு இறந்தவர். நான்கு காலும் தரையில் இருந்தால் இயற்கையாக இறந்தவர். "உங்களுக்குத் தெரியுமா?" என்று ஆரம்பித்து, "பகிருங்கள்" என்று முடிகிற செய்தி. நீங்களும் பகிர்ந்திருப்பீர்கள்.

இது உண்மையில்லை. ஸ்பெயின் நாட்டுத் தலைநகர் மாட்ரிட்டில் நான்காம் பிலிப் அரசனுக்கு ஒரு வெண்கலச் சிலை உண்டு. பியெத்ரோ தாக்கா என்ற இத்தாலியச் சிற்பி 1640-இல் முடித்தது. குதிரை இரண்டு முன்னங்கால்களையும் தூக்கிக்கொண்டு பின்னங்கால்களில் நிற்கிறது. செய்தியில் சொல்வது சரி என்றால் பிலிப் போரில் இறந்திருக்க வேண்டும். அவர் சிலை முடிந்து 25 ஆண்டுகள் கழித்து, 1665-இல், நோயால் இறந்தார். சிலை வைத்தபோது அவர் உயிரோடுதான் இருந்தார். அவர் எப்படிச் சாகப் போகிறார் என்று சிற்பிக்கு எப்படித் தெரியும்?

அப்படியானால் குதிரை ஏன் காலைத் தூக்குகிறது? அதற்கு ஒரு பொருளும் இல்லையா? உண்டு. அந்தப் பொருளைத்தான் இன்று பேசப் போகிறேன். ஐரோப்பாவில் ஆரம்பித்து, ஸ்ரீரங்கம், ராமநாதபுரம், செஞ்சி வழியாக நம் ஊர் அய்யனார் கோயில் வரை வருவோம்.

முதலில் குதிரையின் விலை

குதிரை நம் மண்ணின் விலங்கு அல்ல. மாடு நம்முடையது, ஆடு நம்முடையது. நல்ல போர்க்குதிரை கடல் தாண்டி வர வேண்டும். குதிரைகள் கப்பலில் வந்ததைச் சங்க காலப் பட்டினப்பாலையே சொல்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, இந்த நாட்டு அரசர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரை வாங்குகிறார்கள், பராமரிக்கத் தெரியாததால் பெரும்பாலானவை செத்துப்போகின்றன என்று எழுதினார். மறுபடி வாங்க வேண்டும். அரபு வணிகர்களுக்கு அது வற்றாத வியாபாரம். பதினாறாம் நூற்றாண்டில் விஜயநகரத்துக்கு வந்த போர்த்துகீசியரான நூனிஸ், அரசர் ஆண்டுக்கு 13,000 குதிரை வாங்குவதாகக் குறிக்கிறார்.

மாணிக்கவாசகர் கதை உங்களுக்குத் தெரியும். பாண்டியன் குதிரை வாங்கக் கொடுத்த பணத்தை அவர் திருப்பெருந்துறையில் கோயில் பணிக்குச் செலவிட்டுவிட்டார். சிவபெருமான் நரிகளைப் பரிகளாக்கிக் கொண்டுவந்தார். பக்திக் கதையாகத்தான் அதைப் படிக்கிறோம். அதற்குள் ஒரு பொருளாதாரப் பாடமும் இருக்கிறது. குதிரை வாங்க ஒதுக்கிய பணத்தில் ஒரு கோயில் வேலையே நடந்திருக்கிறது என்றால், அந்தப் பணம் எவ்வளவு பெரிதாக இருந்திருக்கும்!

ஆகவே குதிரை மேல் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்றால், அந்தக் காலத்து ஆள் அதைப் பார்த்ததும் புரிந்துகொள்வது இதுதான்: இவரிடம் கருவூலம் இருக்கிறது, வரி வாங்கும் அதிகாரம் இருக்கிறது, துறைமுகம் இருக்கிறது. சாமானியனுக்கு மாட்டு வண்டியும் இரண்டு காலும்தான்.

ஐரோப்பாவின் பரோக் காலம்

ஐரோப்பியக் கலையில் சுமார் 1600 முதல் 1750 வரையிலான காலத்தைப் பரோக் காலம் என்பார்கள். அசைவு, ஆவேசம், ஒளியும் இருளும் மோதுவது, இவை அந்தக் கலையின் குணம். அங்கே ஓயாமல் போர் நடந்த காலமும் அதுதான். 1618 முதல் 1648 வரை நடந்த முப்பதாண்டுப் போரில் ஜெர்மன் நாடுகள் சீரழிந்தன. போர்க்களக் காட்சி வரைவதே சில ஓவியர்களுக்கு முழுநேரத் தொழிலானது.

அந்த ஓவியங்களில் குதிரைவீரனுக்கு ஒரு இலக்கணம் இருந்தது. குதிரை என்பது அடங்காத ஆற்றல். அது மக்களாகவும் இருக்கலாம், மனிதனின் சொந்த ஆசைகளாகவும் இருக்கலாம். கடிவாளம் என்பது ஆட்சி. முன்னங்காலைத் தூக்கிய குதிரையின் மேல் ஒரு கையால் கடிவாளத்தைப் பிடித்தபடி முகத்தில் சலனமில்லாமல் உட்கார்ந்திருப்பவர் நாட்டையும் அப்படியே ஆள்வார் என்று பொருள். அரச குடும்பப் பிள்ளைகளுக்குக் குதிரையைப் பின்னங்காலில் நிறுத்தும் பயிற்சி தனிப் பாடமாகவே இருந்தது. நமக்கு வாய்ப்பாடு எப்படியோ, அவர்களுக்கு அது அப்படி.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு, வெலாஸ்கெஸ் என்ற ஸ்பானிய ஓவியர் 1635 வாக்கில் வரைந்த இளவரசர் பல்தசார் கார்லோஸ் படம். பையனுக்கு வயது ஐந்தோ ஆறோதான். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை. வயிறு பெருத்த ஒரு மட்டக்குதிரை மேல் உட்கார்ந்து, கையில் தளபதியின் கோலோடு, காற்றில் பாய்கிறான். முகத்தில் பயமே இல்லை. 'அடுத்த அரசன் தயார்' என்று படம் சொல்கிறது. அந்தப் பையன் 16 வயதில், 1646-இல், அரசனாகாமலே இறந்துபோனான். படம் சொன்னதைக் காலம் கேட்கவில்லை.

போர்க்களப் படங்களுக்கெல்லாம் தாய்ப்படம் ஒன்று உண்டு. லியோனார்டோ டா வின்சி பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஃபுளோரன்ஸ் நகர மண்டபத்தில் வரையத் தொடங்கிப் பாதியில் விட்ட 'ஆங்கியாரிப் போர்'. மூலம் இன்று இல்லை. நூறாண்டு கழித்து ரூபன்ஸ் என்ற பரோக் ஓவியர், பழைய நகல் ஒன்றின் மேல் தன் கைவண்ணத்தைச் சேர்த்து உருவாக்கிய சித்திரம் பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரு கொடிக்கம்புக்காக நான்கு குதிரைவீரர்கள் முட்டி மோதுகிறார்கள். மனிதர் முகமும் குதிரை முகமும் ஒரே வெறியில் இருக்கின்றன. குதிரைகளே ஒன்றையொன்று கடிக்கின்றன. யார் மிருகம், யார் மனிதன் என்று பிரிக்க முடியாது.

பிள்ளைகளே, அந்தப் படம் இணையத்தில் கிடைக்கும். பார்க்கிறவர்கள் மேலே நடப்பதைப் பார்த்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். குதிரைகளின் வயிற்றுக்குக் கீழே பாருங்கள். காலாட்கள் தரையில் கிடக்கிறார்கள். ஒருவன் கேடயத்துக்குள் பதுங்குகிறான். இரண்டு பேர் தரையிலேயே கட்டிப் புரள்கிறார்கள். மேலே கொடிக்காகச் சண்டை, கீழே உயிருக்காகச் சண்டை.

அதே லியோனார்டோ, மிலான் நகர ஆட்சியாளரின் தந்தைக்காக ஒரு மாபெரும் குதிரைச் சிலை செய்யத் திட்டம் போட்டவர். முதலில் வரைந்த வரைபடங்களில் குதிரை முன்னங்காலைத் தூக்கி நிற்கிறது. அவ்வளவு எடையை இரண்டு பின்னங்கால்கள் தாங்காது. என்ன செய்தார்? கீழே விழுந்து கிடக்கும் எதிரி ஒருவனை வரைந்து, அவன் மேல் குதிரையின் முன்னங்காலை ஊன்றவைத்தார். தோற்றவன் அவமானத்தின் அடையாளம் மட்டுமல்ல, சிலையைத் தாங்கும் முட்டுக்கட்டையும் அவனேதான்! பிறகு அந்தத் திட்டம் மாறியது. நடக்கும் குதிரையாகச் சுமார் 7 மீட்டர் உயரத்தில் களிமண் மாதிரி செய்தார். வார்ப்பதற்கு வைத்திருந்த வெண்கலம் பீரங்கி செய்யப் போய்விட்டது. 1499-இல் மிலானைப் பிடித்த பிரெஞ்சு வில்லாளிகள் அந்தக் களிமண் குதிரையைக் குறிபார்த்து அம்பெய்து சிதைத்தார்கள். மண்ணைச் சுட்டுப் பிழைக்கிற ஊர்ப்பக்கத்துக்காரர்கள் நாம். இதைப் படிக்கும்போது நமக்கு வலிக்கத்தான் செய்யும்.

எல்லாப் பரோக் ஓவியர்களும் அரசர்களைப் புகழ்ந்தே வரைந்தார்கள் என்று நினைக்காதீர்கள். ஜாக் கூர்த்வா என்று ஒருவர். இளமையில் படையோடு சுற்றியவர், பின்னாளில் துறவியானவர். அவர் பேனாவாலும் கரைத்த மையாலும் வரைந்த குதிரைப்படைச் சித்திரங்களில் பெரும்பாலும் இது இன்ன போர், இவர் இன்ன தளபதி என்ற அடையாளமே இருக்காது. புகை, புழுதி, விழுந்த குதிரை, நடுவில் யாரோ சிலர். வென்றவர் யார் என்று தெரியாது. போருக்குள் நின்று பார்த்தவனுக்குப் போர் அப்படித்தான் தெரியும் போலும். ஜாக் காலோ என்பவர் 1633-இல் 18 சிறு அச்சுச் சித்திரங்களாகப் போரின் கொடுமைகளை வெளியிட்டார். கொள்ளையடிக்கும் சிப்பாய்கள், எரியும் கிராமம், ஒரே மரத்தில் கொத்தாகத் தூக்கில் தொங்கும் மனிதர்கள்.

முப்பதாண்டுப் போரில் 1632-இல் லுட்சன் என்ற இடத்தில் ஸ்வீடன் அரசர் குஸ்தாவ் அடால்ஃப் தானே குதிரைப்படையோடு புகைக்குள் பாய்ந்தார். காயம்பட்ட அவர் குதிரை ஆளில்லாமல் திரும்பி ஓடியது. அதைப் பார்த்துத்தான் அரசருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று படை புரிந்துகொண்டதாகச் சொல்வார்கள். ஸ்ட்ரைஃப் என்ற அந்தக் குதிரையின் தோலைப் பாடம் செய்து ஸ்டாக்ஹோம் அருங்காட்சியகத்தில் இன்றும் வைத்திருக்கிறார்கள். சித்திரத்தில் அரசர் விழுவதில்லை. களத்தில் விழுந்தார்.

ஸ்ரீரங்கத்துக் கல்குதிரைகள்

ஐரோப்பாவில் இது நடந்த காலத்தை ஒட்டித்தான் நம் நாட்டில் விஜயநகர, நாயக்க காலச் சிற்பிகள் கல்லிலே குதிரைகளைப் பாயவைத்துக்கொண்டிருந்தார்கள். ஸ்ரீரங்கம் கோயிலில் ஆயிரங்கால் மண்டபத்துக்கு எதிரே சேஷராயர் மண்டபம் இருக்கிறது. சுற்றுலா கூட்டிப்போனபோது உங்களில் பலர் அந்தக் குதிரைகளுக்குக் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டிருப்பீர்கள். வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்திலும் இதே வகை வேலை உண்டு.

ஒரே கல்லில் தூணும், குதிரையும், வீரனும். குதிரை முன்னங்காலைத் தூக்கிப் பாய்கிறது. சேணத்தின் பூவேலையும், கழுத்துமணியும், பல்லும், நாக்கும் அப்படியே தெரியும். மேலே வீரன் ஆயுதத்தோடு நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறான். கீழே புலி பாய்கிறது. அந்தப் புலியைக் குத்துகிறவர்கள் யார்? கீழே நிற்கிற காலாட்கள். கத்தியும் கேடயமும் வைத்துக்கொண்டு, விலங்கின் வாய்க்கும் குதிரையின் குளம்புக்கும் நடுவில் நிற்கிறவர்கள்.

லியோனார்டோவுக்கு வந்த அதே சிக்கல் நம் சிற்பிக்கும் உண்டு. பாயும் குதிரையின் முன்பாதி அந்தரத்தில் நிற்க முடியாது. கீழே கல் வேண்டும். அந்தக் கல்லை வெறும் முட்டாக விடாமல் மனிதர்களாகவும் விலங்குகளாகவும் செதுக்கிவிட்டான். அதனால் அந்த மண்டபத்தில், தெரிந்தோ தெரியாமலோ, ஒரு பெரிய உண்மை கல்லில் ஏறிவிட்டது. குதிரையும் குதிரைவீரனும் மேலே நிற்பதற்குக் காரணம், கீழே பெயரில்லாத சிலர் தாங்குவதுதான். இத்தாலியில் தோற்றவன் தாங்கினான். இங்கே சொந்தப் படைக்காரனே தாங்குகிறான்.

சுவரில் எழுதிய போர்கள்

போர்க்களத்தை வண்ணத்தில் தீட்டும் வழக்கம் நம்மிடமும் இருந்தது. ராமநாதபுரம் அரண்மனையில் ராமலிங்க விலாசம் என்ற மண்டபம் உண்டு. சேதுபதி மன்னர்களின் கொலுமண்டபம். பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில், முத்து விஜயரகுநாத சேதுபதி காலத்தில், அதன் சுவர்களை ஓவியங்களால் நிறைத்தார்கள். ராமாயணக் காட்சிகள், அந்தப்புரக் காட்சிகள், ஐரோப்பியர் வந்து மன்னரைப் பார்க்கும் காட்சி, இவற்றோடு தஞ்சை மராட்டியருக்கும் சேதுபதிக்கும் நடந்த போரும் உண்டு. இப்போது அது தமிழ்நாடு தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. ராமேஸ்வரம் போகிறவர்கள் வழியில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

இன்னொன்று மைசூருக்குப் பக்கத்தில் ஸ்ரீரங்கப்பட்டினத்தில் இருக்கிறது. ஆனால் அதில் காட்டும் போர் நடந்தது நம் தமிழ் மண்ணில், காஞ்சிபுரத்துக்கு அருகே உள்ள புள்ளலூரில். 1780 செப்டம்பர் 10 அன்று ஹைதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் கும்பினிப் படையை முறியடித்த போர். திப்பு 1784-இல் கட்டிய தரியா தௌலத் மாளிகையின் மேற்குச் சுவர் முழுக்க அந்தப் போரைத் தீட்டவைத்தார். பிற்காலத்தில் ஆங்கிலேயர் காலத்திலேயே அது மறுபடி தீட்டப்பட்டது. அதனால் இன்று பார்ப்பதில் பல கைகளின் வேலை இருக்கிறது.

அந்தச் சுவரில் கும்பினிப் படை சதுரமாக நெருக்கிக்கொண்டு நிற்கிறது. நடுவில் பெய்லி காயத்தோடு பல்லக்கில் இருக்கிறார். வெடிமருந்து வண்டி வெடிக்கிறது. நான்கு பக்கமும் குதிரைகள். திப்பு எப்படி இருக்கிறார் தெரியுமா? ரோஜாப்பூவை முகர்ந்துகொண்டிருக்கிறார்! சுற்றிலும் தலை உருள்கிறது, அவர் கையில் பூ. ஸ்பானிய இளவரசனின் சலனமில்லாத முகமும் இந்த ரோஜாவும் ஒரே பொருளைச் சொல்பவை. எல்லாம் என் பிடியில் இருக்கிறது, பதற்றம் எனக்கில்லை.

கீழே பாருங்கள் என்றேனே, இங்கேயும் பாருங்கள். பெய்லியின் படையில் பெரும்பாலோர் வெள்ளையர் அல்ல, இந்தியச் சிப்பாய்கள். சம்பளத்துக்காகச் சிவப்புச் சட்டை போட்டவர்கள். எதிர்ப்பக்கம் நின்றவர்களும் நம்மவர்கள்தான். அந்தப் போர் ஆண்டுகளில் ஆற்காட்டுச் சீமையின் ஊர்கள் எரிந்தன, வயல்கள் பாழாயின, சனங்கள் ஊரை விட்டு ஓடினார்கள். ரோஜாப்பூவை வரைந்த சுவரில் அவர்களுக்கு இடமில்லை. காலோ மாதிரி அதை வரைய நமக்கு ஓர் ஆள் கிடைக்கவில்லை.

செஞ்சியின் குதிரை

நமக்குப் பக்கத்துக் கதைக்கு வருவோம். தேசிங்குராஜன். ஆவணங்களில் தேஜ்சிங். செஞ்சியை ஆண்ட புந்தேல ராஜபுத்திரர் சொரூப்சிங்கின் மகன். தந்தைக்குப் பிறகு செஞ்சியைத் தனக்கென்று உரிமை கொண்டாடினான். ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் பாக்கி கேட்டுப் பெரும்படையோடு வந்தார். 1714 அக்டோபரில் நடந்த சண்டையில் தேசிங்கு இறந்தான். வயது இருபதுகளின் தொடக்கம்தான். அவன் ஆட்சி ஓர் ஆண்டுகூட நிலைக்கவில்லை.

அதிகம் போனால் பத்து மாதம் ஆண்ட ஒருவனை நம் வட்டாரம் 300 ஆண்டுகளாக ஏன் பாடுகிறது? குதிரைதான் காரணம் என்று நினைக்கிறேன். யாராலும் அடக்க முடியாத குதிரையை அவன் அடக்கினான் என்றுதான் கதை தொடங்குகிறது. மேலே சொன்ன கடிவாள இலக்கணமேதான். ஐரோப்பிய ஓவியர் தூரிகையில் சொன்னதை நம் கதைப்பாட்டுக்காரர் உடுக்கையில் சொன்னார்.

ஆனால் நம் ஊர்க்கதை இன்னொன்றையும் செய்தது. ராஜாவோடு நிறுத்திக்கொள்ளவில்லை. அவனுடைய முஸ்லிம் நண்பன் முகமது கான், தன் கல்யாணத்தை விட்டுவிட்டுப் போருக்கு வந்து உயிர் கொடுத்தான் என்று பாடியது. நீலவேணி என்ற குதிரையையும் பெயர் சொல்லி அழுதது. செஞ்சிப் பக்கம் நீலாம்பூண்டியில் அந்த நண்பனுக்கும் குதிரைக்கும் சமாதி என்று சனங்கள் இன்றும் காட்டுகிறார்கள். அரசவை ஓவியன் எழுதாமல் விட்ட பெயர்களைக் கூத்து மேடை எழுதிவைத்துக்கொண்டது.

பெயர் எழுதிய கல்

பெயர் என்றதும் நடுகல் நினைவுக்கு வருகிறது. திருவண்ணாமலை மாவட்டம் செங்கம் வட்டாரத்தில் பல்லவர் கால நடுகற்கள் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. மாடு பிடிக்க வந்தவர்களோடு சண்டை போட்டு இறந்த சாதாரண வீரர்களின் கற்கள். பெரும்பாலும் வீரன் தரையில் நிற்கிறான். வில்லோ வாளோ கையில் இருக்கும். குதிரை இல்லை. ஆனால் கல்லில் அவன் பெயர் இருக்கிறது. எந்த அரசன் ஆட்சியில் எத்தனையாவது ஆண்டு என்று இருக்கிறது.

எடுத்தனூர் நடுகல்லில் மகேந்திரவர்மன் காலத்தில் மாட்டைக் காக்க இறந்த கருந்தேவக்கத்தியோடு, அவன் நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்று அந்த நாயின் பெயரையும், அது கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்றதையும் எழுதிவைத்திருக்கிறார்கள். ஏறத்தாழ 1,400 ஆண்டுக்கு முன்னால் ஓர் ஊர், தன் நாய்க்குக்கூடப் பெயர் எழுதியது. அதன்பின் 900 ஆண்டுகள் கழித்து, உலகமே வியக்கும் மண்டபத்தில் குதிரையைத் தாங்குகிற காலாளுக்குப் பெயர் இல்லை. அரசு பெரிதாக ஆக, குதிரையும் பெரிதானது. கீழே நிற்கிறவன் சின்னவனாகிப் போனான். நான் இதிலிருந்து எடுத்துக்கொள்ளும் வரலாற்றுப் பாடம் அதுதான்.

அய்யனார் குதிரை

இனி நம் ஊருக்கு வருவோம். ஏரிக்கரையிலும் ஊர் எல்லையிலும் அய்யனார் கோயிலில் நிற்கிற மண்குதிரைகளைப் பிறந்ததிலிருந்து பார்க்கிறோம். அதனாலேயே அவற்றை நின்று பார்ப்பதில்லை.

இந்தக் குதிரை அரசன் வாங்கியது அல்ல. அரபு நாட்டிலிருந்து வந்தது அல்ல. குதிரை வாங்க வழியில்லாத சனங்கள், காலடியில் இருக்கிற மண்ணை எடுத்துச் செய்துகொண்ட குதிரை. பிள்ளை பிழைத்தால், மழை பெய்தால், மாடு தேறினால் குதிரை செய்து வைக்கிறேன் என்று நேர்ந்துகொள்வார்கள். பல ஊர்களில் பிடிமண் கொடுத்துத்தான் வேலை தொடங்கும். வேளார் களிமண்ணோடு மணலும் உமியும் கலந்து மிதித்து, முதலில் நான்கு கால்களையும் உருளையாக எழுப்பி, காயவிட்டு, அதன் மேல் வயிறு, பிறகு கழுத்து, கடைசியில் தலை என்று ஏற்றுவார். உள்ளே கூடாக இருக்கும். அவசரப்பட்டால் ஈரத்தின் பாரம் தாங்காமல் காலே சரிந்துவிடும். வைக்கோலும் வறட்டியும் அடுக்கிச் சுட்டு எடுப்பார்கள். லியோனார்டோ கண்ட சிக்கல் அத்தனையும் நம் வேளாருக்கும் தெரியும். வரைபடம் மட்டும்தான் இல்லை.

இன்னொன்று கவனியுங்கள். இந்த நேர்த்திக் குதிரைகளில் பெரும்பாலானவற்றின் முதுகு காலியாக இருக்கும். வேளார் மறந்துவிடவில்லை. ராத்திரியில் அய்யனாரும் வீரன்களும் ஏறி ஊரைச் சுற்றிக் காவல் போவதற்கான இடம் அது. ஐரோப்பாவில் ஆளில்லாத குதிரை என்றால் அரசன் செத்தான் என்று பொருள். நம் ஊரில் ஆளில்லாத குதிரை என்றால் காவல் இருக்கிறது என்று பொருள். அரசர்களின் குதிரை அடுத்த ஊரைப் பிடிக்கப் பாய்கிறது. இந்தக் குதிரை சொந்த ஊரைக் காக்க நிற்கிறது.

நம் சனங்கள் இதோடும் விடவில்லை. பொய்க்கால் குதிரை ஆட்டத்தில் ஆள் குதிரையைச் சுமக்கிறான். மேலே பார்த்தால் ராஜா, கீழே பார்த்தால் மரக்காலில் வலியோடு ஆடுகிற கலைஞன். கோயில் திருவிழாவில் சாமி குதிரை வாகனத்தில் வருகிறார் என்று கும்பிடுகிறோம். குதிரை நடப்பதில்லை. கீழே தோள் கொடுத்து நடக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களின் தோளில் காய்ப்பு ஏறியிருக்கும்.

ஏன் இதையெல்லாம் இப்போது எழுதுகிறேன்?

இரண்டு காரணம்.

ஒன்று, குதிரை இன்னும் இறங்கவில்லை. குஜராத்திலும் ராஜஸ்தானிலும் பட்டியல் சமூகத்து மாப்பிள்ளை குதிரையில் ஊர்வலம் போனதற்காகத் தடுக்கப்பட்டதையும், போலீஸ் பாதுகாப்போடு போனதையும் இந்தக் காலத்திலும் செய்தியில் படிக்கிறோம். ஒரு விலங்கின் முதுகில் அரைமணி நேரம் உட்காருவதில் என்ன இருக்கிறது? நானூறு ஆண்டு ஓவியமும் சிற்பமும் சொன்னது இருக்கிறது. மேலே இருப்பவன் ஆள்பவன், கீழே இருப்பவன் தாங்குபவன் என்ற பாடம். அது அருங்காட்சியகத்துக்குள் அடங்கிவிடவில்லை.

இரண்டு, நம் மண்குதிரைகள். பக்கத்து விருத்தாசலம் பீங்கானுக்குப் பேர் போன ஊர். பீங்கான் தொழிற்பேட்டையும், அந்தத் தொழிலைச் சொல்லிக்கொடுக்கும் கல்விக்கூடமும் அங்கே உண்டு. அகல்விளக்கும் பொம்மையும் பியூஸ் கட்டையும் சூளையிலிருந்து இறங்குகிற வட்டாரம் இது. உங்களில் சிலருக்கு அந்தச் சூளை வேலைதான் பள்ளிக்கட்டணம் கட்டியது. ஆனால் ஆளுயர மண்குதிரையைக் கையால் எழுப்பத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் மிச்சம்? கோயிலைப் புதுப்பிக்கிறோம் என்று சொல்லிப் பழைய குதிரைகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, சிமெண்டில் ஒன்று கட்டி, எனாமல் பெயிண்ட் அடித்துவிடுகிறார்கள்.

மண்குதிரை உடைவதில் எனக்கு வருத்தமில்லை. உடைந்து மண்ணோடு மண்ணாவதும், அடுத்த வேண்டுதலுக்கு அடுத்த குதிரை வருவதும்தான் அதன் முறை. கல்லைப் போல நிலைப்பது அதன் நோக்கமே அல்ல. அடுத்த குதிரையைச் செய்ய ஆள் இல்லாமல் போவதுதான் இழப்பு. சிமெண்ட் குதிரையின் பீடத்தில் நன்கொடை கொடுத்தவர் பெயர் பளிங்கில் பெரிதாக இருக்கிறது. செய்தவர் பெயர் இல்லை. சேஷராயர் மண்டபத்துக் காலாளுக்கு நேர்ந்தது நம் கண் முன்னே மறுபடி நடக்கிறது.

அதனால் வாத்தியார் கொடுக்கும் வீட்டுப்பாடம் இது. வயதாகிவிட்டது என்று யாரும் தப்பிக்க முடியாது. பொங்கலுக்கோ திருவிழாவுக்கோ ஊருக்குப் போகும்போது உங்கள் ஊர் அய்யனார் கோயிலுக்குப் போங்கள். பழைய மண்குதிரை இருந்தால் நான்கு பக்கமும் படம் எடுங்கள். ஊரில் பெரியவர்களிடம் கேளுங்கள்: யார் நேர்ந்துகொண்டார்கள், எதற்காக நேர்ந்தார்கள், எந்த வேளார் செய்தார், அவர் பிள்ளைகள் இப்போது என்ன வேலை செய்கிறார்கள்? கேட்டதை ஒரு நோட்டில் ஊர்ப்பெயரோடும் தேதியோடும் எழுதிவையுங்கள். முடிந்தால், உங்கள் வீட்டு வேண்டுதலுக்குச் சிமெண்ட் வேண்டாம், மண்ணில் செய்யுங்கள் என்று சொல்லி அந்த வேளார் வீட்டுக்கு ஒரு பிடிமண் கொடுங்கள். அவருக்கு உரிய கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.

கருந்தேவக்கத்தியின் ஊரார் செய்ததும் இவ்வளவுதான். நினைக்க வேண்டியவர் பெயரைக் கேட்டு, மறக்காமல் எழுதிவைத்தார்கள்.

எல்லோரும் நலமாக இருங்கள். பிள்ளைகளுக்கு என் ஆசிகள்.